வயிற்றோட்டக் கிருமி குடலைப் பிடிப்பது எப்படி?



சென்ற வருடம் ஒரு சடங்கு வீட்டுக்காக நாங்கள் புல்மோட்டைக்குப் போயிருந்தோம். திருகோணமலையிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் குச்சவெளி தாண்டி வரும் ஊர் அது. கறுப்பு மணலுக்குப் பேர்போன இடம். இல்மனைட் எடுக்கும் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நம் கீழ்ப்பிரிவு லயத்தை விட்டுப் போன ஒரு குடும்பம் பல ஊர் சுற்றி, கடைசியில் அந்தப் பக்கம் குடியிருக்கிறது. கொழுந்துக் கூடையைத் தூக்கிய கை இப்போது கருவாடு காய வைக்கிறது. பேச்சு மட்டும் இன்னும் நம்ம பேச்சுத்தான்.

போன மறுநாளே அந்த வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. முதல் நாள் தண்ணியாகப் போனது. "பல்லு மொளைக்குது, அதான்" என்றார் அப்பாயி. இரண்டாம் நாள் சளியும் இரத்தமும் கலந்து, பிள்ளை முக்கி முக்கி அழுதது. அதற்குள் யாரோ ஒரு கடையில் "நிப்பாட்டுற குளிசை" வாங்கி வந்து விட்டார்கள். அதைக் கொடுக்க விடாமல் தடுத்து, ஆட்டோ பிடித்து, பிள்ளையைப் புல்மோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையின் அப்பா கேட்டார்: "கிருமி கிருமின்னு எல்லாரும் சொல்றீங்க ஐயா. சோத்தோட போற மத்த சாமானெல்லாம் வெளிய போயிருது. இந்தக் கிருமி மட்டும் உள்ளே எப்படி நிக்குது? ரத்தம் எங்கேருந்து வருது?"

நல்ல கேள்வி. அன்றைக்கு எங்களால் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. ஊர் திரும்பியதும் டொக்டர்மாரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் படிக்க வேண்டாம், இராத்திரி ஆறுதலாகப் படியுங்கள்.

முதலில் குடலைப் பற்றி. நம் சிறுகுடலின் உட்புறம் குழாய் மாதிரி வழவழப்பாக இருக்காது. துவாயைப் போல நார் நாராக எழும்பி நிற்கும். அந்த நார்களை மூடி, ஓடு வேய்ந்ததுபோல் நெருக்கமாக நிற்பவைதான் கலங்கள். ஒவ்வொரு கலத்தின் தலையிலும் இன்னும் சின்னச் சின்ன மயிர் போன்ற நீட்டங்கள் உண்டு. சாப்பாட்டுச் சத்தையும் தண்ணீரையும் உறிஞ்சுவது இவைதான். நாம் குடிப்பதும், வாயிலும் வயிற்றிலும் குடலிலும் ஊறுவதும் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லீற்றர் தண்ணீர் பெரியவர் ஒருவரின் குடலுக்குள் வருகிறது. அதில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தவிர மிச்சமெல்லாம் திரும்பவும் இரத்தத்துக்குப் போய்விடுகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் வேலை குழம்பினால் எவ்வளவு தண்ணீர் வெளியே போகும் என்பது அப்போதுதான் விளங்கும்.

குடலுக்குக் காவலும் உண்டு. வயிற்றில் புளித்த அமிலம் பெரும்பாலான கிருமியைக் கொன்றுவிடும். தப்பியவற்றைக் குடலின் சளி பிடிக்கும். குடல் எந்நேரமும் நெளிந்து நெளிந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும். கலங்களும் நாலைந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஆகவே கிருமி குடலில் இருந்து கெடுதல் செய்ய வேண்டுமானால், முதல் வேலையாக அது எங்கேயாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கத் தெரியாத கிருமி அடித்துக்கொண்டு போய்விடும்.

மழைக்காலத்தில் மலையில் அட்டை ஏறுவது நமக்குப் புதிதில்லை. உதறினாலும் போகாது, தண்ணீர் ஊற்றினாலும் போகாது. வாயால் ஒரு பிடி, பின்பக்கத்தால் ஒரு பிடி. குடலில் கிருமியும் அப்படித்தான். ஆனால் அதற்கு வாய் இல்லை. அதன் உடம்பைச் சுற்றி நூலை விட மெல்லிய இழைகள் உண்டு. நாயுருவி விதை சேலையில் ஒட்டுவதுபோல அந்த இழைகளின் நுனி கலத்தின் மேலுள்ள சில புரதங்களிலும் சர்க்கரைப் பொருட்களிலும் மாட்டிக்கொள்ளும். எந்த இழை எதில் மாட்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மனிதனின் குடலில் ஒட்டும் கிருமி மாட்டின் குடலில் ஒட்டாது போகலாம், பன்றிக்குட்டியைப் பிடிப்பது நம்மைப் பிடிக்காது போகலாம்.

ஒட்டிய பிறகு செய்கிற வேலையில்தான் கிருமிக்குக் கிருமி வித்தியாசம். நாங்கள் மூன்று விதமாகப் பிரித்துச் சொல்கிறோம்.

முதலாவது, வாசலில் நின்றபடியே நஞ்சு எறிகிறவை. இதில் பெரியது வாந்திபேதி என்று நம் முன்னோர் சொன்ன கொலரா. நம்முடைய பாட்டன் பூட்டன் மன்னார் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடந்து வந்த கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்த வடபாதை ஓரத்தில் விழுந்து, எடுத்து அடக்கக்கூட ஆளில்லாமல் போனவர்களில் ஏராளமானோர் வாந்திபேதியாலும் சீதபேதியாலும் போனவர்கள். பிற்காலத்தில் மண்டபத்தில் முகாம் போட்டு, ஆட்களை நாள்கணக்கில் நிறுத்திப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். அதற்கும் இந்த நோய்ப் பயம் ஒரு முக்கிய காரணம்.

1884ஆம் ஆண்டு ஜெர்மன் விஞ்ஞானி ரொபர்ட் கொக் கல்கத்தாவில் வைத்து இந்தக் கிருமியை உறுதிப்படுத்தினார். ஆனால் அது எப்படிக் கொல்கிறது என்பது அதற்கப்புறம் எழுபத்தைந்து வருடம் தெளிவாகவில்லை. அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற டொக்டர் முயலின் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, கிருமியை நீக்கி வடித்த நீரை மட்டும் அதற்குள் செலுத்தினார். குடல் துண்டு தண்ணீரால் ஊதிவிட்டது. கிருமி கக்கிய நஞ்சுதான் எல்லாம் செய்கிறது என்று 1959இல் அவர் எழுதினார். பெரிய ஆய்வுகூட வசதி இல்லாத இடத்தில் செய்த வேலை. உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குக் கிடைத்த பேர் குறைவுதான், இது எங்களுக்கு வருத்தம்.

அந்த நஞ்சில் ஆறு துண்டு. ஐந்து துண்டு வளையமாகச் சேர்ந்து கலத்தைப் பிடிக்கும். ஆறாவது உள்ளே போகும். உள்ளே போனதும் கலத்தின் உப்புக் குழாயைத் திறந்து, மூட முடியாதபடி பிடியைக் கழற்றிவிடும். உப்பு வெளியே கொட்ட, அதன் பின்னால் தண்ணீர் போகும். கடுமையான கொலராவில் பெரியவர் ஒருவருக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வரைக்கும் போகலாம். அரிசி கழுவிய தண்ணி மாதிரி இருக்கும். இரத்தம் இருக்காது, ஏனென்றால் கிருமி கலத்துக்குள் நுழையவே இல்லை, கலமும் உடையவில்லை.

நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தண்ணீர்ப்போக்கில் ஈ. கோலை என்ற பற்றீரியாவின் ஒரு வகைக்கும் பங்குண்டு. இதுவும் இழையால் ஒட்டி, கொலரா நஞ்சின் தங்கச்சி மாதிரி ஒரு நஞ்சைக் கக்கும். (ஈ. கோலை எல்லாமே கெட்டது என்று நினைக்க வேண்டாம். நல்ல ஈ. கோலை நம் எல்லார் குடலிலும் குடியிருக்கிறது. வேறு சில வயிற்றோட்டங்களுக்குப் பற்றீரியாவே காரணமில்லை, ரொட்டா என்ற வைரஸ் காரணம். அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.)

இரண்டாவது வகை கொஞ்சம் தந்திரமானது. இதுவும் ஈ. கோலையில் ஒரு சாதிதான், கைக்குழந்தைகளைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். இதனிடம் டொக்டர் ஐயாவின் ஊசி மாதிரியே ஒரு ஊசி இருக்கிறது. கலத்தின் மேல் வந்து உட்கார்ந்து, அந்த ஊசியைக் குத்தி, தன்னுடைய புரதம் ஒன்றைக் கலத்துக்குள் ஏற்றும். அந்தப் புரதம் கலத்தின் மேல்தோலில் வந்து கொக்கிபோல நிற்கும். அந்தக் கொக்கியைக் கிருமி பிடித்துக்கொள்ளும். விருந்துக்கு வந்தவன் தன் சட்டையை மாட்ட ஆணியையும் சுத்தியலையும் தானே கொண்டு வந்து நம் சுவரில் அடிக்கிறான், அவ்வளவுதான். கிருமியே தனக்குக் கொக்கி கொண்டு வருகிறது என்பதை 1997இல் கனடாவின் வன்கூவரில் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் கொக்கி நம் கலத்தினுடையது என்றுதான் நினைத்திருந்தார்கள். கிருமி அமர்ந்த இடத்தில் கலத்தின் மயிர்களெல்லாம் அழிந்து, அதற்கு ஒரு சின்னப் பீடம் எழும்பும். மயிர் போனால் உறிஞ்சுவது எப்படி? பிள்ளை பால் குடிக்கும், உடம்பில் ஒட்டாது. நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும்.

மூன்றாவது வகைதான் புல்மோட்டைப் பிள்ளையைப் படுத்தியது. இரத்தக் கடுப்பு, சீதபேதி என்று சொல்வோமே, அதைச் செய்யும் ஷிகெல்லா. 1897இல் ஜப்பானில் தொண்ணூறாயிரம் பேரளவில் பிடித்த கொள்ளைநோயின்போது கியோஷி ஷிகா என்ற டொக்டர் கண்டுபிடித்ததால் அவர் பெயர். அந்த வருடம் நோய் கண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்து போனார்கள்.

கொலரா பிடிக்க இலட்சக்கணக்கான கிருமி வேண்டும். ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறு போதும். அமிலத்தையும் தாங்கும். நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் அழுக்கில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஒரு காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வந்தால் வரிசையாக எல்லாருக்கும் வருகிறது.

இது பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே கலங்களின் நடுவே காவல்காரக் கலங்கள் சில உண்டு. குடலில் என்ன வருகிறது என்று கொஞ்சம் எடுத்து உள்ளேயிருக்கும் வெள்ளை அணுக்களிடம் காட்டுவது அவற்றின் வேலை. ஷிகெல்லா அந்தக் காவல்காரன் கையாலேயே உள்ளே போகிறது. வெள்ளை அணு அதை விழுங்குகிறது. விழுங்கிய அணுவையே உடைத்துக்கொண்டு கிருமி வெளியே வருகிறது. இப்போது அது குடல் கலங்களுக்குப் பின்பக்கத்தில் நிற்கிறது. முன்வாசல் பூட்டாக இருந்தாலும் கோடிப்புறம் திறந்திருக்கிறது. அங்கேயிருந்து தன் ஊசியைக் குத்த, கலத்தின் தோல் தானாகவே எழும்பி, அலைபோல மடிந்து, கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கலம் தன் கையாலேயே கள்ளனை வீட்டுக்குள் கூட்டி வருகிறது என்று சொல்ல வேண்டும்.

நம் லயத்தை நினைத்துப் பாருங்கள். பத்துக் காம்பரா ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் சுவர். கள்ளன் ஒருவன் ஒரு காம்பராவுக்குள் புகுந்தவன், இஸ்தோப்புக்கு வராமலே நடுச்சுவரைத் துளைத்து அடுத்த காம்பராவுக்குப் போனால் வெளியில் நிற்கிற காவல்காரனுக்கு எப்படித் தெரியும்? ஷிகெல்லா அதைத்தான் செய்கிறது. கலத்துக்குள் இருக்கும் நார்ப்பொருளையே எடுத்துத் தன் பின்னால் வாலாகக் கட்டி, அந்த வால் தள்ளத் தள்ள ஓடி, பக்கத்துக் கலத்தின் சுவரை முட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அதற்குச் சொந்தமாக நீந்தும் வால் கிடையாது என்பதுதான் வேடிக்கை, நம் வீட்டுச் சாமானில்தான் வண்டி கட்டுகிறது.

உடம்பு சும்மா இருக்காது. வெள்ளை அணுக்கள் படையாக ஓடி வரும். வருகிற அவசரத்தில் கலங்களுக்கு நடுவேயுள்ள பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். அந்தச் சந்திலும் இன்னும் கிருமி இறங்கும். கலங்கள் செத்து உதிர்ந்து, குடலில் புண் விழும். அந்தப் புண்ணின் இரத்தமும், செத்த அணுக்களும், குடற்சளியும்தான் நாம் பார்க்கிற சளி இரத்தம். அந்த அப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

டைபொயிட் கிருமியும் உள்ளே நுழைகிற கூட்டம்தான். ஆனால் அது குடலில் நிற்காமல் இரத்தத்தோடு ஈரல், மண்ணீரல் என்று போய்விடும். அதனால் வயிற்றோட்டத்தை விட வாரக்கணக்கில் காய்ச்சல்தான் முன்னுக்கு நிற்கும்.

இப்போது "நிப்பாட்டுற குளிசை" விஷயத்துக்கு வருவோம். அந்தக் குளிசை கிருமியைக் கொல்வதில்லை. குடலின் நெளிவைத்தான் நிறுத்துகிறது. கள்ளன் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்துவது போன்றது. இரத்தம் போகிற பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு எந்த வயிற்றோட்டத்திலும் அது வேண்டாம். மற்றப் பக்கம், தண்ணியாகப் போகிற சாதாரண வயிற்றோட்டத்துக்கு அன்டிபயோட்டிக் கேட்டு மருந்துக்காரரிடம் சண்டை பிடிக்கவும் வேண்டாம். இரத்தம் போனால் அவரே பார்த்துத் தருவார். தேவையில்லாமல் தின்று தின்றுதான் ஷிகெல்லாவுக்குப் பல மருந்துகள் இப்போது ஏறுவதில்லை.

அப்படியானால் தண்ணியாகப் போகிற பிள்ளையைக் காப்பாற்றுவது எது? புல்மோட்டையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. 2009ஆம் ஆண்டு யுத்தத்தின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கொண்டு வந்து இறக்கிய கரை இது. அந்த வருடம் மார்ச் மாதம் இந்தியாவிலிருந்து வந்த மருத்துவக் குழு இங்கே ஓர் அவசர ஆஸ்பத்திரி போட்டது. வன்னியில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் எத்தனையோ. அந்த நாட்களில் ஒரு போத்தல் நல்ல தண்ணீருக்குப் பட்ட பாட்டை நாங்கள் போன வீட்டிலேயே ஒருவர் சொன்னார். சனம் நெருங்கிக் கிடக்கும் இடமும், கக்கூஸ் இல்லாமையும், கெட்ட தண்ணியும் ஒன்றுசேர்ந்தால் குண்டுக்குத் தப்பியவரும் வயிற்றோட்டத்துக்குத் தப்புவது கஷ்டம்.

இதே மாதிரி ஒரு முகாமில்தான் 1971இல் மருந்து நிரூபணமானது. பங்களாதேஷ் யுத்தத்தில் ஓடிவந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் பொங்காவ் ஊரில் கொலராவால் தரையிலேயே கிடந்தார்கள். ஏற்றுகிற சேலைன் தீர்ந்துவிட்டது. திலீப் மஹலனபிஸ் என்ற டொக்டர் உப்பும் குளுக்கோஸும் அளந்து தண்ணீரில் கரைத்து, பீப்பாய்களில் வைத்து, சொந்தக்காரர்களையே கோப்பையால் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேரளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. அவர் 2022இல்தான் காலமானார்.

இது வேலை செய்யும் காரணம் குடல் கலத்திலேயே இருக்கிறது. கொலரா நஞ்சு உப்பை வெளியே விடும் கதவைத்தான் திறந்து வைக்கிறது. உப்பையும் சீனியையும் சேர்த்து உள்ளே வாங்குகிற இன்னொரு கதவு இருக்கிறது. அதை நஞ்சு தொடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணியும் அதில் போகாது, வெறும் சீனித் தண்ணியும் போகாது. இரண்டும் கைகோத்து வந்தால்தான் திறக்கும். அவை போக, தண்ணீரும் பின்னால் போகும். நம் ஜீவனிப் பக்கற்றில் இருப்பது இதுதான். ஒரு பக்கற்றை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். பாதி பக்கற், அரைக் கோப்பை என்று கைக்கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக் கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் பிரயோசனமில்லை. கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பக்கற் இல்லாத இராத்திரியில், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் போதும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போனபின்னும் கால் கோப்பையிலிருந்து அரைக் கோப்பை வரை, பெரிய பிள்ளைக்கு அதில் இரண்டு மடங்கு. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தாய்ப்பாலில் உள்ள பொருட்கள் கிருமியின் இழையில் தாங்களே ஒட்டி, அதைக் குடலில் ஒட்ட விடாமல் செய்கின்றன. டொக்டர் தரும் துத்தநாகக் குளிசையை (சிங்க் என்பார்கள்) போக்கு நின்றாலும் சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள். உதிர்ந்த குடற்தோல் முளைக்க அது உதவும்.

கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பி, பிள்ளை சோர்ந்து குடிக்க மாட்டேன் என்றாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்துக் கொண்டிருக்காதீர்கள். லொறி வரட்டும் என்று பார்த்திருக்கவும் வேண்டாம்.

கையை அடைக்கிற இடத்தில் அடைத்தால் கிருமி குடலைப் பார்க்கவே போவதில்லை. 2002, 2003இல் கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சவர்க்காரம் கொடுத்துக் கைகழுவப் பழக்கினார்கள். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றோட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வெறும் சவர்க்காரம்தான். ஆனால் இதைச் சொல்லும்போது எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மலையில் கொழுந்தெடுக்கும் தாய்மார் பகல் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடுகிறார்கள்? கறை பிடித்த கையைக் கழுவ அங்கே பைப்பும் இல்லை, ஒதுங்கக் கக்கூஸும் இல்லை. நாங்கள் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் பீலிக்கு மேலேயே கக்கூஸ் குழி இருந்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். குழியை மாற்றியது அந்த லயத்தில் பதினொரு பிள்ளைகளுக்குச் சீதபேதி கண்ட பிறகுதான். கைகழுவச் சொல்வது எங்கள் வேலை, தண்ணியைக் கொண்டு வந்து தருவது நிர்வாகத்தின் வேலை. இரண்டையும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது ஐம்பது அடியாவது இருக்க வேண்டும், குழி மேட்டிலும் தண்ணி பள்ளத்திலும் இருக்கக்கூடாது. புல்மோட்டை போன்ற மணல் தரையில் இன்னும் கவனம் வேண்டும், மணலில் கெட்ட தண்ணீர் சீக்கிரம் ஊறிப் போகும்.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், ஆகவே நம் பக்கத்தில் கொதி வந்தபின் மூன்று நிமிஷம் வைத்தால் நல்லது. ஆறிய தண்ணீருக்குள் கோப்பையோடு கையை விட்டு அள்ளினால் கொதிக்க வைத்த விறகு வீண். பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போனால் ஆயாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தையின் பீயில் ஒன்றுமில்லை என்று சொல்கிற பழக்கமும் நமக்குண்டு. பெரியவர் பீயில் இருக்கும் அதே கிருமி அதிலும் இருக்கும், அதையும் கக்கூஸிலேயே கொட்டுங்கள்.

புல்மோட்டையில் அந்தப் பிள்ளையை மூன்று நாள் வைத்திருந்தார்கள். நாங்கள் பஸ் ஏறும் அன்று காலையில் போய்ப் பார்த்தோம். அம்மாவின் மடியில் உட்கார்ந்து, ஜீவனிக் கோப்பையைத் தள்ளிவிட்டு, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பனிஸைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது. "இனி பயமில்லை, பசிக்குது" என்றார் நேர்ஸம்மா.

ஜீவனிப் பக்கற் தேவையானவர்கள் தோட்ட மருந்துச்சாலையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டு வாங்கி, வீட்டில் எப்போதும் இரண்டு வைத்துக்கொள்ளவும்.